முதல் ஆம்புலன்ஸ் எந்த மருத்துவமனைக்கு?

(செகந்திராபாத்தில் நடந்த தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் அவசர சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘பெருவிபத்தில் உயிர்காக்கும் செல்பேசி’ என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். தலைப்பைத் தந்தவர்கள் மீது எனக்கு அன்பு உண்டு. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு பேச முடியாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நூறு பேர் அடிபட்டுக் கிடக்கும்போது செல்பேசி எதைச் செய்யும், எதைச் செய்யாது, எதைச் செய்ய வைக்க வேண்டும் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2007 ஆகஸ்ட் 25, சனிக்கிழமை மாலை. உசேன் சாகர் கரையில் லும்பினி பூங்காவில் லேசர் காட்சி பார்க்கக் கூடியிருந்தவர்கள் நடுவே ஒரு குண்டு, கோட்டியில் கோகுல் சாட் கடையில் இன்னொன்று. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தில்சுக்நகர் நடைமேம்பாலத்தின் அடியில் மூன்றாவது குண்டு வெடிக்காமல் கிடந்தது. ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2013 பிப்ரவரி 21, வியாழக்கிழமை மாலை ஏழு மணி வாக்கில், அதே தில்சுக்நகரில் சில நிமிட இடைவெளியில் இரண்டு குண்டுகள் வெடித்தன. 18 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பயங்கரவாதம்தான் வர வேண்டும் என்பதில்லை. 2025 ஜூன் 30 அன்று, இங்கிருந்து அதிக தூரமில்லாத பாசமைலாரம் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆலை வெடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உயிர் போயிற்று. பலர் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உடல்களை அடையாளம் காண மரபணுச் சோதனை தேவைப்பட்டது. சில குடும்பங்களுக்குக் கடைசி வரை உடலே கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் ஆம்புலன்ஸில் இருப்பவர்கள் எத்தனை பேர்? இருவர். வண்டி ஓட்டும் பைலட் ஒருவர், இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர். எதிரே நூறு பேர் கிடக்கிறார்கள். யாரை முதலில் தூக்குவது?

இந்தக் கேள்விக்கு மருத்துவம் வைத்திருக்கும் பதில்தான் ட்ரையாஜ். கொரோனா காலத்தில் சென்னை மாநகராட்சி ட்ரையாஜ் மையங்கள் நடத்தியபோது இந்தப் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். யாருக்கு இப்போதே, யாருக்குச் சற்றுப் பிறகு, யார் காத்திருக்கலாம், யாருக்கு இனி எதுவும் செய்ய இயலாது என்று பிரிக்கும் முறை அது. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தைப் பார்த்துச் சிகிச்சை தர வேண்டும் என்று வற்புறுத்தியவர். தளபதியும் சிப்பாயும் அவர் முன் ஒன்று. ட்ரையாஜின் அறம் அங்கே தொடங்குகிறது.

இன்று உலகில் பரவலாகக் கற்றுத்தரப்படும் முறைக்கு ஸ்டார்ட் என்று பெயர். 1983-ல் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. மிக எளிமையானது. இங்கேயே உங்களுக்குக் கற்றுத்தந்துவிடலாம்.

முதலில் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும்: “நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வாருங்கள்!” எழுந்து வருகிறவர்களுக்குப் பச்சைப் பட்டை. மீதிப் பேரிடம் ஒவ்வொருவராகப் போக வேண்டும். மூச்சு இருக்கிறதா? இல்லையென்றால் தலையைச் சாய்த்து மூச்சுவழியைத் திறக்க வேண்டும். அப்போதும் மூச்சு வரவில்லையென்றால் கறுப்பு. திறந்ததும் மூச்சு வந்தால் சிவப்பு. மூச்சு இருக்கிறது, ஆனால் நிமிடத்துக்கு 30-க்கு மேல் இளைக்கிறது என்றால் சிவப்பு. அடுத்து மணிக்கட்டில் நாடி. கிடைக்கவில்லையென்றால் சிவப்பு. தொடக்கத்தில் நகத்தை அழுத்தி விட்டு, நிறம் இரண்டு விநாடியில் திரும்புகிறதா என்று பார்த்தார்கள். இருட்டிலும் குளிரிலும் அது ஏமாற்றியதால் நாடிக்கு மாறினார்கள். கடைசியாக, “கையை மூடித் திற” என்று சொல்லிப் பார்க்க வேண்டும். சொன்னதைச் செய்யவில்லையென்றால் சிவப்பு. எல்லாம் சரியாக இருந்தும் எழுந்து நடக்க முடியாதவருக்கு மஞ்சள். பீறிடும் ரத்தத்தை அழுத்திக் கட்டுவது தவிர வேறு சிகிச்சை எதுவும் அந்த நேரத்தில் இல்லை. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது.

குழந்தைகளுக்கு இதே கணக்கு ஒத்துவராது. குழந்தை இயல்பாகவே வேகமாக மூச்சு விடும். மூச்சு நின்ற பிறகும் அதன் இதயம் சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும். அதனால் 1995-ல் லூ ரோமிக் என்ற குழந்தை மருத்துவர் ஜம்ப்ஸ்டார்ட் என்ற தனி முறையை வகுத்தார். அதில் மூச்சு இல்லாத குழந்தைக்கு நாடி இருந்தால் ஐந்து முறை காற்று ஊதிப் பார்த்த பிறகுதான் கறுப்பு. மூச்சின் எல்லையும் 15-க்குக் கீழே அல்லது 45-க்கு மேலே என்று மாறுகிறது.

இதில் செல்பேசிக்கு என்ன வேலை? பிரிக்கும் முறை மனத்திலேயே இருக்கிறது, பட்டை கையில் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஓர் இ.எம்.டி. இதை எந்தத் திரையின் துணையும் இல்லாமல் செய்துவிடுவார். குழந்தைக்கான எண்களைப் பதற்றத்தில் மறந்துபோகிறவருக்குத் திரை நினைவூட்டலாம், அவ்வளவுதான். ‘எங்கள் செயலி நோயாளியை மூன்று விநாடியில் வகைப்படுத்திவிடும்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், சரி தம்பி, அது எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்ததே இல்லை என்று சொல்லி அனுப்பலாம்.

கஷ்டம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? பட்டை கட்டிய பிறகு.

காகிதப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டுவார்கள். மழையில் நனையும், ரத்தத்தில் ஊறும், கிழியும். அதில் எழுதியது அதைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். களத்தில் சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை என்று பொறுப்பதிகாரி கேட்டால் யாராவது ஓடிப்போய் எண்ணிவிட்டு வர வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் நாலு பேரை ஆட்டோவில் ஏற்றிப் போயிருப்பார்கள். இன்னும் முக்கியமானது, காயம்பட்டவரின் நிலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். வயிற்றுக்குள் ரத்தம் கசியும் மஞ்சள்காரர் இருபது நிமிடத்தில் சிவப்பாகிவிடுவார். ஆகவே ட்ரையாஜை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். காகிதம் யாரையும் தட்டி எழுப்பி, “இவரைப் பார்த்துக் கால்மணி நேரமாயிற்று” என்று சொல்லாது.

மறுபடி பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே பாஹாநாகாவில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையே பிணவறையாக மாற்றினார்கள். அப்போது பத்திரிகைகளில் வந்த ஒரு செய்தி எல்லாரையும் உலுக்கியது. ஹவுரா பக்கத்தைச் சேர்ந்த ஒருவர், அந்த ரயிலில் போன மகனுக்குச் செல்பேசியில் அழைத்திருக்கிறார். மகன் எடுத்து, ஈனக் குரலில் உயிரோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். தகப்பனார் ஓர் ஆம்புலன்ஸைப் பிடித்து இரவோடிரவாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மருத்துவமனை மருத்துவமனையாகத் தேடியிருக்கிறார். எங்கும் இல்லை. கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிணவறையில், வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களுக்கு நடுவே ஒரு கை நடுங்குவதைக் கண்டு மகனை மீட்டிருக்கிறார்.

அந்த இரவில் அங்கே உழைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆயிரம் பேர் கிடக்கும் இருட்டில் யாருடைய கணிப்பும் தவறலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பையனின் செல்பேசி வேலை செய்தது, சிக்னலும் இருந்தது. “இவர் உயிரோடு இருக்கிறார், இன்ன இடத்தில் இருக்கிறார்” என்ற செய்தியை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு மட்டும் இல்லை.

அடுத்த சிக்கல், எங்கே அனுப்புவது என்பது. கல்யாணப் பந்தியில் ஓடி வரக்கூடிய வாலிபர்கள் முதலில் இலை பிடித்துவிடுவார்கள். கைத்தடி ஊன்றி வரும் பாட்டி வந்து சேரும்போது பந்தி நிறைந்திருக்கும். குண்டுவெடிப்பிலும் அப்படித்தான். லேசான காயக்காரர்கள் கையில் கிடைத்த வண்டியில் ஏறி முதலில் மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார்கள். மிக அருகில் இருக்கும் மருத்துவமனையின் கேஷுவாலிட்டி நிரம்பிவிடும். இடிபாடுகளிலிருந்து எடுத்து, ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரப்படும் சிவப்புக்காரர்கள் பிறகுதான் வருவார்கள். அவர்களுக்குப் படுக்கையும் இருக்காது, அறுவை அரங்கும் இருக்காது. தில்சுக்நகரில் காயமடைந்தவர்களை உஸ்மானியா மருத்துவமனைக்கும், மலக்பேட்டை, கொத்தப்பேட்டை பகுதித் தனியார் மருத்துவமனைகளுக்கும் கொண்டுபோனார்கள். 2006 ஜூலை 11 அன்று மும்பைப் புறநகர் ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்தபோது, தண்டவாளத்தை ஒட்டிய குடிசைவாசிகள் படுக்கை விரிப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நம் நாட்டில் முதல் மீட்பர் பக்கத்தில் நிற்கிற மனிதர்தான். அந்த மனிதாபிமானத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த மனிதருக்கு எந்த மருத்துவமனையில் இடம் இருக்கிறது என்று யார் சொல்வது?

இன்னொரு உண்மையும் உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் எரிக் ஃப்ரைக்பெர்க், பல நாடுகளின் குண்டுவெடிப்புகளை அலசி 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். லேசான காயக்காரர்களுக்கும் தாராளமாகச் சிவப்புப் பட்டை கட்டினால் அது பாதுகாப்பான பக்கம் சாய்வது என்று அதுவரை நினைத்திருந்தோம். அவர் கணக்குப்படி, அப்படி மிகைப்படுத்தும் அளவு கூடக் கூட, உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்களிடையே சாவும் கூடியிருக்கிறது. கைகளும் படுக்கைகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. தேவையில்லாத ஒருவருக்குத் தந்த படுக்கை, தேவையான ஒருவரிடமிருந்து எடுத்த படுக்கை.

ஆக, களத்தில் உண்மையான பஞ்சம் தகவலுக்குத்தான். யார், எங்கே, எந்த நிறம், எந்த வண்டி, எந்த மருத்துவமனை. இந்த ஐந்தும் ஒரே இடத்தில் சேர வேண்டும். செல்பேசியின் வேலை அங்கேதான் இருக்கிறது.

இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கோட்புளூ என்ற ஆய்வுத் திட்டம், நாடித்துடிப்பையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவையும் அளக்கும் சிறு கருவிகளைக் கம்பியில்லாமல் இணைத்தது. சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வைசார்ட் என்ற பெயரில் களத்துக்கென்றே தனிக் கம்பியில்லா வலைப்பின்னலையும் கைக்கணினிகளையும் உருவாக்கிப் பெரிய ஒத்திகைகளில் சோதித்தது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் ட்ரையாஜ்பிக் என்ற மென்பொருளைச் செய்தது. மருத்துவமனை வாசலில் நோயாளியை ஒரு படம் எடுப்பார்கள். ஆணா பெண்ணா, பெரியவரா குழந்தையா, எந்த நிறம் என்று மட்டும் குறிப்பார்கள், பெயர் தெரிந்தால் அதையும். அது அப்படியே காணாமல்போனோர் தேடும் தளத்துக்குப் போய்விடும். உறவினர் வீட்டிலிருந்தே தேடலாம்.

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று இதற்குள் இருக்கிறது. அந்தத் தேடல் தளத்துக்கு அடித்தளமாக அவர்கள் எடுத்துக்கொண்டது ‘சகானா’ என்ற கட்டற்ற மென்பொருள். அது பிறந்தது இலங்கையில். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்தத் தீவின் கரையைத் துடைத்துப் போட்டபோது, கொழும்பின் மென்பொருள் தன்னார்வலர்கள் ஒன்றுகூடி எழுதியது. காணாமல்போனோர் பதிவேடு, நிவாரண முகாம்களின் பட்டியல், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன தேவை என்ற குறிப்பு, இவை நான்கும்தான் அதன் தொடக்க உறுப்புகள். 2005 காஷ்மீர் நிலநடுக்கத்துக்குப் பிறகு பாகிஸ்தானிலும், 2010-ல் ஹைட்டியிலும் அது பயன்பட்டது. நிதி கொழித்த ஆய்வகம் செய்யாததை, அடிபட்ட ஊர் செய்து உலகுக்குத் தந்தது.

பிறகு ஏன் இந்தக் கருவிகள் நம் ஆம்புலன்ஸ்களில் இல்லை? வேறு எந்த நாட்டிலும் எல்லா ஆம்புலன்ஸ்களிலும் இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை ஆய்வு நிதி இருந்த வரை ஒத்திகைகளில் ஒளிர்ந்து, நிதி முடிந்ததும் அடங்கியவை. காரணங்கள் தொழில்நுட்பம் சார்ந்தவை என்பதைவிட மனித இயல்பு சார்ந்தவை.

முதல் காரணம், வலைப்பின்னல். எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அழைப்பார்கள், கோபுரங்கள் திணறிப்போகும். 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின் லண்டன் சட்டமன்றம் வெளியிட்ட அறிக்கை, அவசரச் சேவைகளே செல்பேசியை அளவுக்கு மீறி நம்பியிருந்ததைச் சுட்டிக்காட்டியது. சிக்னல் இருந்தால்தான் இயங்கும் செயலி, மிகவும் தேவைப்படும் நேரத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். தகவலைக் கருவியிலேயே சேமித்து, பக்கத்துக் கருவிகளுக்கு நேரடியாகக் கைமாற்றி, வலைப்பின்னல் திரும்பியதும் அனுப்பும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, கை. கையுறை போட்ட, ரத்தம் தோய்ந்த விரல் தொடுதிரையில் சரியாக வேலை செய்யாது. ஏப்ரல் மாத ஐதராபாத் வெயிலில் திரை கண்ணுக்கே தெரியாது. பெயர், வயது, முகவரி என்று பன்னிரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும் செயலியை எந்த இ.எம்.டி.யும் இரண்டாவது நோயாளிக்குத் திறக்க மாட்டார். பட்டையில் ஏற்கனவே அச்சிட்ட க்யூஆர் குறியை ஒரு முறை காட்டுவது, நிறத்தை ஒரு முறை தொடுவது, அவ்வளவுதான் களத்தில் முடியும். நேரமும் இடமும் தானாகப் பதிவாக வேண்டும். மீதியை மருத்துவமனை வாசலில் நிரப்பிக்கொள்ளலாம்.

மூன்றாவது, மொழி. இந்த ஊரில் காயம்பட்டவர் தெலுங்கு பேசுவார், உருது பேசுவார், போஜ்புரி பேசுவார், தமிழும் பேசுவார். பாசமைலாரத்துத் தொழிலாளியிடம் ஆங்கிலக் கேள்விப் பட்டியலை நீட்ட முடியாது. நிறமும் படமும் எல்லாருக்கும் புரியும்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது, பழக்கம். பேரிடர் வரும் நாளில் மட்டும் திறக்க வேண்டிய செயலியின் கடவுச்சொல் அன்று யாருக்கும் நினைவிருக்காது. அது புதுப்பிக்கப்படாமல் கிடக்கும், பேட்டரி செத்துப்போயிருக்கும், பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போயிருப்பார். தினமும் கையாளாத கருவியை யாரும் பதற்றத்தில் கையில் எடுப்பதில்லை. என் பேச்சில் ஒன்றை மட்டும் எடுத்துப்போவதானால் இதை எடுத்துப்போங்கள்: பெருவிபத்துக்கென்று தனிக் கருவி செய்யாதீர்கள். ஒற்றை விபத்துக்குத் தினமும் பயன்படும் கருவியை, நூறு பேருக்கும் விரியும்படி செய்யுங்கள்.

அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 108 பிறந்தது இங்கேதான். 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் இ.எம்.ஆர்.ஐ. என்ற அமைப்பு அதைத் தொடங்கியது. 2009-ல் அந்த அமைப்பை நிறுவியவரின் சத்யம் நிறுவனம் சரிந்தபோதும் சேவை நிற்கவில்லை. ஜி.வி.கே. குழுமம் பொறுப்பேற்றது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று 108 ஓடத் தொடங்கியதும் இந்த நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் பேரில்தான். இன்று பெரியவர் முதல் பிள்ளை வரை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் எண் அது. அழைப்பை எடுப்பவர், வண்டியை அனுப்புபவர், தொலைபேசியிலேயே இ.எம்.டி.க்கு வழிகாட்டும் மருத்துவர் என்று மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அமைப்பு அது. வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது திரையில் தெரியும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு விவரப் படிவம் உண்டு. நான் கேட்ட ஐந்து தகவல்களில் பெரும்பகுதி ஏற்கனவே ஒவ்வொரு நாளும் அங்கே சேர்ந்துகொண்டிருக்கிறது. நூறு பேர் அடிபட்ட நாளிலும் அதே படிவம், அதே திரை, கூடுதலாக ஒரு பட்டை என்று விரித்தால் போதும்.

தமிழ்நாடு இந்தப் பாதையில் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் டி.ஏ.இ.ஐ. என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான அந்தத் திட்டத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தனித்தனிப் பகுதிகள் உண்டு. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே நோயாளியின் நிலையை மருத்துவமனைக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் ஏற்பாடும் உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசே ஏற்கிறது. அதே ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், சென்னையில் அரசு மருத்துவத் துறையின் டி.எம்.எஸ். வளாகத்தில் வார் ரூம் என்ற கட்டளை மையம் இயங்கியது. ஆக்ஸிஜன் படுக்கை கேட்டு வந்த அழைப்புகளையும், மருத்துவமனைகளின் காலிப் படுக்கைகளையும் ஒரே மேசையில் பொருத்தினார்கள். எத்தனை குறைகள் இருந்தாலும், மாநிலம் முழுவதற்குமான படுக்கைக் கணக்கை நடத்திக்காட்ட முடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று. பெருந்தொற்றுக்கு முடிந்தது குண்டுவெடிப்புக்கும் ஆலை விபத்துக்கும் ஏன் முடியாது?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மருத்துவ ஆயத்தம், பெருந்திரளாகக் காயமடைந்தோர் மேலாண்மை பற்றிய வழிகாட்டு நெறிகளை 2007-லேயே வெளியிட்டது. லும்பினி பூங்காவில் குண்டு வெடித்த அதே ஆண்டு. நெறிகள் ஏட்டில் இருக்கின்றன. அவற்றை ஒரு வார்டுபாய்க்கும், ஒரு பைலட்டுக்கும், ஒரு போக்குவரத்துக் காவலருக்கும் கொண்டுசேர்ப்பதுதான் பாக்கி.

குடும்பங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பெருவிபத்து நடந்த இரவில் மருத்துவமனை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கையில் செல்பேசியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்டாக ஏறி இறங்குவார்கள். காயக்காரர்களுக்கு வழிவிட வேண்டிய நடைபாதையில் அவர்கள் நிற்பதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பாலசோர் விபத்துக்குப் பின் ஒடிசா அரசு இறந்தவர்களின் படங்களையும் காயமடைந்தோர் பட்டியலையும் இணையத்தில் வெளியிட்டது. வேறு வழியில்லாத நிலையில் அது தேவைப்பட்டது. ஆனால் சிதைந்த முகங்களை ஊர் முழுதும் பார்க்க நேர்வது கொடுமை. களத்தில் கட்டிய பட்டையின் எண், ஆம்புலன்ஸிலும், மருத்துவமனையின் எம்.எல்.சி. எனப்படும் சட்ட மருத்துவப் பதிவிலும் தொடர்ந்து வந்தால், ஒரு தகப்பன் ஒரே எண்ணை அழைத்து, “இன்ன வயது, இன்ன நிறச் சட்டை” என்று சொல்லி விடை பெறலாம். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவ அவசரத்திலும் பேரிடரிலும் ஒப்புதல் கேட்டுக் காத்திராமல் தகவலைக் கையாள இடம் தந்திருக்கிறது. அந்தச் சலுகை உயிர் காக்கவும் உறவைச் சேர்க்கவும் மட்டும்தான். ட்ரையாஜ் படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போவதற்கு எந்தச் சட்டமும் இடம் தராது.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. எந்த மருத்துவமனைக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்று கணக்குப் போட அது உதவட்டும், மகிழ்ச்சி. ஆனால் கறுப்புப் பட்டையை எந்த இயந்திரமும் கட்டக் கூடாது. ஒரு மனிதருக்கு இனி சிகிச்சை இல்லை என்ற தீர்ப்பை ஒரு மனிதர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு மனிதர் சிறிது நேரம் கழித்து வந்து மறுபடியும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு: புதிதாக ஒரு செயலியைத் தொடங்கும் முன் ஓர் இரவு 108 வண்டியில் அனுமதி பெற்று உட்கார்ந்து போய்ப் பாருங்கள். ஓர் இ.எம்.டி.யின் கைகள் எத்தனை வேலை செய்கின்றன என்று பாருங்கள். அதன் பிறகு நீங்கள் எழுதுவது குறைவாகத்தான் இருக்கும், அதுவே பயன்படும். இலங்கைத் தன்னார்வலர்கள் செய்ததுபோல் அதைக் கட்டற்ற மென்பொருளாக விடுங்கள்.

மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு: காலிப் படுக்கை எத்தனை, ரத்தம் எத்தனை யூனிட், இப்போது இயங்கும் அறுவை அரங்கு எத்தனை என்பதை அன்றாடம் நகரத்தின் பொதுத் திரையில் காட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டு ஒத்திகையாவது நடத்துங்கள், அதில் ஒன்று இரவில் நடக்கட்டும்.

மற்ற அனைவருக்கும்: பெருவிபத்தில் சிக்கி, நீங்கள் நடக்க முடிந்தவராக இருந்தால், மிக அருகில் உள்ள மருத்துவமனையைப் பின்னால் வருகிறவருக்கு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 108-க்கோ 112-க்கோ அழைக்கும்போது இடம், என்ன நடந்தது, ஏறத்தாழ எத்தனை பேர் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். வீட்டுக்குப் பேசுவதற்குப் பதில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் வலைப்பின்னல் மீட்புப் பணியாளருக்குக் கிடைக்கும். அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று தயங்காதீர்கள். உச்ச நீதிமன்றம் 2016-லேயே உதவுவோருக்குப் பாதுகாப்பை உறுதிசெய்துவிட்டது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் வந்துவிட்டது. சாலை விபத்தில் உதவுகிறவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் செல்பேசியின் அவசரத் தகவல் பகுதியில் உங்கள் ரத்த வகை, ஒவ்வாமை, தெரிவிக்க வேண்டிய இருவரின் எண்கள் ஆகியவற்றைப் பதிந்து வையுங்கள். பூட்டிய திரையிலும் அதைப் படிக்கலாம். வீட்டில் உள்ள முதியவர்களின் செல்பேசியிலும் நீங்களே பதிந்து கொடுங்கள். இந்த அரங்கை விட்டு வெளியே போகும் முன் அதைச் செய்துவிடுங்கள்.